கன்னியம்மாவை இரண்டு தடவை எடுத்தோம்

கேமராவைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் தோளில் தூக்கிச் சுமந்த கேமராவை இன்று உங்களிடம் காட்டினால், பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்ப்பதுபோல் பார்ப்பீர்கள். படம் எடுக்கப் படிக்கிற பிள்ளைகள் நீங்கள், அந்த விஷயத்தில் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. ஒரு வீட்டுக்குக் கேமராவோடு போனால், அங்கே யார் பேச்சு செல்லும், யார் பேச்சு செல்லாது என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். அதைச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு நான் போனதில்லை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை போட்டு, கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று ஊர் ஊராக ஏறி இறங்கியதில் வந்தது.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தில் பெண் வீடியோக்காரி நான் ஒருத்திதான். "நீ வந்தா பொம்பளைங்க சிரிக்கிறாங்க. ஆம்பள வந்தா வாய பொத்திக்கினு நிக்கிறாங்க" என்று ஒரு மாப்பிள்ளையின் அப்பாவே சொல்லிக் கூப்பிட்டார். சிரிப்பார்கள்தான், பிறகு சண்டைக்கும் வருவார்கள். ஒரு காதுகுத்துக்கு எடுத்த கேசட்டைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு அத்தை என் கடைக்கே வந்துவிட்டாள். "நான்தான் அத்தன பேருக்கும் வடிச்சிக் கொட்டினேன். கேசட்ல என் முதுவு மட்டும் கீது. என் முதுவு எனுக்கே அடையாளம் தெரியலடி!" அவள் சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அது மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் அடுப்படிக்கு ஒருமுறை போகாமல் நான் கேமராவை மூடியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை உங்களுக்குப் புரியாது. இப்போது கையில் ஒரு போன் இருந்தால் சோறு தின்பதைக்கூட எடுக்கிறீர்கள். அப்போது அப்படி இல்லை. ஓர் ஊருக்கு வீடியோ வருகிறது என்றால் அந்த வீட்டில் விசேஷம் என்று அர்த்தம். அழைக்கப்பட்டவர், அழைக்கப்படாதவர் எல்லாரும் முகம் கழுவி, பவுடர் போட்டு, பெட்டியில் இருக்கும் நல்ல துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கேமராவுக்கு முன்னால் அழுக்குத் துணியோடு நிற்பது அழைத்தவரை அவமதிப்பது. அப்படித்தான் நினைத்தார்கள். அது தவறும் இல்லை.

இது தெரியாத ஐந்து பிள்ளைகள் ஒருநாள் என் கடைக்கு வந்தார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் இருக்கும். வீடியோ கேசட் போய் சிடி வந்திருந்த நேரம். காஞ்சிபுரம் பக்கம் ஒரு தனியார் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறவர்கள். பள்ளியின் பெயர் வேண்டாம்.

முன்னால் நின்றவன் பிரசன்னா. செய்யாற்றங்கரையில் நிலபுலம் உள்ள வீட்டுப் பையன், நல்ல பேச்சு. "எக்கா, எங்க மேடம் புதுசா ஒண்ணு குடுத்துக்கீறாங்க. குரூப்பா சேர்ந்து வீடியோ எடுத்து, கிளாஸ்ல போட்டு, அதப் பத்திப் பேசணும். நீங்கதான் எடுத்து, மிக்ஸிங் பண்ணி, சிடி போட்டுக் குடுக்கணும்."

"இன்னாப்பா தலைப்பு?"

"விளிம்புநிலை மக்களும் கல்வியும்" என்று பக்கத்தில் நின்ற ரேவதி வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். கணீரென்ற குரல்.

"அது இன்னாம்மா விளிம்பு?"

"எங்க ஊரு ஏரிக்கரைல கீறாங்களே அக்கா, இருளர் ஆளுங்க. அவங்கதான்" என்றான் பிரசன்னா. பிறகு கழுத்தைத் திருப்பி, கடைசியாக நின்றிருந்த பெண்ணைக் காட்டினான். "இவ அங்க கீறவதான். அதனால பேஜாரு ஒண்ணுமில்ல. சொன்னா கேப்பாங்க."

அந்தப் பெண் என் கடைச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் சுமதி. அந்தக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆள். இதை அவள் சொல்லவில்லை, பிறகு அவள் அம்மா சொன்னாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்வி. "அக்கா, ஞாயித்துக்கெழம எடுக்கலாமா? மத்த நாள்ல எங்காளுங்க வேலைக்குப் பூடுவாங்க."

அவள் கேள்வியில் இருந்த கவலையை நான் பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். அறுப்பு நேரத்தில் அம்மாவோடு வேலைக்குப் போனதால் அவள் வகுப்புக்கு நிறைய நாள் போகவில்லை. வருகைக்கான மதிப்பெண் போய்விட்டது. இந்த வீடியோ மதிப்பெண்ணும் வராவிட்டால் அந்த வருடப் பரீட்சையில் உட்காரவிட மாட்டார்கள். மேடம் ஒரு விதியும் வைத்திருந்தார்: வீடியோவில் குழுத்தலைவன் யார் யார் பெயரைப் போடுகிறானோ அவர்களுக்கு மட்டும்தான் மதிப்பெண். குழுத்தலைவன் பிரசன்னா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். ஏரிக்கரை இறக்கத்தில் பத்துப் பதினைந்து வீடுகள், பாதி கூரை, பாதி சிமெண்ட் ஷீட். போனதும் எனக்குப் புரிந்துவிட்டது. வாசல் முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. எங்கிருந்தோ பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கி வந்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் சீருடை ஏன் என்று கேட்காதீர்கள், அவர்களிடம் கிழியாமல் இருந்த துணி அதுதான். பெரிய அலுமினியக் குண்டானில் கேசரி கிளறி வைத்திருந்தது. சுமதி வீட்டில் "வீடியோ எடுக்க வராங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அது போதுமே! அந்தக் குடியிருப்புக்கு அதுவரை ஒரு கேமராவும் வந்ததில்லை.

சுமதியின் அம்மா கன்னியம்மா எதிரே வந்து வரவேற்றாள். கிளிப்பச்சையில் அரக்கு பார்டர் போட்ட பூனம் புடவை, மடிப்புக் கலையாமல். எண்ணெய் வைத்து வாரிய தலையில் கனகாம்பரம். "வாங்கமா, வா நைனா, ஒக்காருங்க. மொதல்ல நாஷ்டா துன்னுங்க. வேல எங்க ஓடிப்பூடும்?"

"சாப்ட்டுத்தான் வந்தோம்" என்றான் பிரசன்னா. ரேவதி கேசரியை வாங்கி ஒரு வாய் வைத்துவிட்டு இலையை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். நான் இரண்டு தடவை வாங்கித் தின்றேன். நெய் கிடையாது, ஆனால் முந்திரி இருந்தது.

முதலில் கன்னியம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தேன். முறைப்படி உட்கார்ந்தாள், இரண்டு கையும் முழங்காலில். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டாள். "இன்னா சொல்லணும்?" என்று என்னைக் கேட்டாள். "உங்க மனசுல கீறத சொல்லுங்க" என்றேன்.

"நான் கைநாட்டுமா. இதோ எம்பொண்ணு, இதுதான் எனுக்குக் கையெழுத்து போடச் சொல்லிக் குடுத்துது. ரேஷன் கடைக்காரரு இன்னா கன்னியம்மா பேனா கேக்கறன்னு சிரிச்சாரு. சிரிக்கட்டும். இங்கருந்து இஸ்கூலுக்கு ஏரிய சுத்திக்கினு போணும். மழைன்னா பசங்க போவாது. இங்கயே ஒரு சின்ன இஸ்கூலு வெச்சா எம்பொண்ணே வந்து டீச்சரா ஒக்காரும். நாங்க மண்ணு அடிச்சித் தரோம், கூரை போட்டுத் தரோம். கூலி வாணாம்." அதோடு நிறுத்தி, கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

நான் எடுத்த கல்யாணங்களில்கூட அவ்வளவு தெளிவாக யாரும் பேசியதில்லை. கேமராவை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். பிரசன்னாவின் முகம் சரியில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"எக்கா, இன்னாக்கா இது? சீர்வரிச வீடியோ மாரி கீது."

"விசேஷம்னு நெனச்சிக்கினாங்கப்பா. வீடியோன்னா அப்டித்தானே?"

"இத போட்டா மேடம் சிரிப்பாங்க. கஷ்டம் தெரியணும்கா. பொடவையும் பூவுமா ஒக்காந்துக்கினு இருந்தா யாரு நம்புவா? பசங்க வேற யூனிபார்ம்ல நிக்கிது. இஸ்கூலுக்குப் போகாத பசங்கன்னு ஸ்கிரிப்ட்ல எழுதிக்கீறோம்."

"அந்தம்மா பேசினதுலயே எல்லாம் கீதேப்பா. ஏரிய சுத்திக்கினு போணும்னு சொல்லிச்சே, அது கஷ்டம் இல்லியா?"

"பேச்ச ரேவதி வாய்ஸ்ல போட்டுக்கறோம். எங்களுக்குப் படம்தான் வோணும்."

அவன் கெட்டவன் இல்லை. இதைக் கவனியுங்கள், கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அந்த ஆட்களுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவன் நினைத்தான். நல்லது செய்ய வந்தவனுக்கு எதிரில் இருப்பவர்கள் பாவமாக இருக்க வேண்டியிருந்தது.

முதலில் சுற்றி வளைத்துப் பார்த்தான். அங்கே நின்ற பெண்களிடம் போய், "எலி புடிப்பீங்களே, அத கொஞ்சம் புடிச்சிக் காட்டறீங்களா?" என்று கேட்டான். கன்னியம்மாவே பதில் சொன்னாள். "எங்க தாத்தா புடிச்சாரு நைனா. இப்ப யாரு புடிக்கிறா? உங்க பெரிப்பா வயலுக்கே மருந்து வெச்சிடறாரு. செத்த எலி வோணும்னா அங்க கீது." எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். இன்னொருத்தி, "உயிரோட புடிச்சிக் குடுத்தா கட்டிக்குவியா?" என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதானது. பிரசன்னாவுக்குக் காது சிவந்துவிட்டது.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவன் குரல் மாறியது. நேராகச் சுமதியிடம் போனான். "நீ சொல்லு உங்கம்மாகிட்ட. தெனமும் கட்றத கட்டிக்கினு வரட்டும். பசங்களுக்கும் யூனிபார்ம கழட்டு."

சுமதி தரையைப் பார்த்தாள். "அவங்க நமக்காவத்தான் கட்டிக்கினு வந்துக்கீறாங்க. எப்டி சொல்றது?"

"நீயே ஹெல்ப் பண்ணலன்னா எதுக்கு இந்த குரூப்புல கீற? டைட்டில்ல பேரு போடறது நான்தான், தெரியும் இல்ல?"

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கன்னியம்மாவுக்குக் காது கூர்மை. எழுந்து வந்தாள். "இன்னா நைனா அது, பேரு?"

ரேவதிதான் சொன்னாள். "வீடியோவுல பேரு வரணும்மா. பேரு வந்தாத்தான் மார்க்கு."

"பேரு வல்லன்னா?"

"மார்க்கு வராது."

"மார்க்கு வல்லன்னா பரிச்ச எழுத வுட மாட்டாங்க, அதானே?" இதை மகளைப் பார்த்துக் கேட்டாள். கன்னியம்மா இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள், சேறு கழுவுவதுபோல. பிறகு வீட்டுக்குள் போனாள்.

"அம்மா, வாணாம்மா" என்று சுமதி பின்னாலேயே ஓடினாள்.

"நீ சும்மா இருடி" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

திரும்பி வந்தபோது நாற்று நடப் போகும்போது கட்டுகிற புடவையில் இருந்தாள். வெளுத்து நிறம் தெரியாத புடவை. அதற்குமேல் ஆம்பிளைச் சட்டை, வயலில் முதுகு கருகாமல் இருக்கப் போடுவது. தலையில் பூ இல்லை. என் எதிரில் வந்து நின்று முகத்தைக் காட்டினாள்.

"பூவ எடுத்துட்டேன். பொட்டு இருக்கட்டுமா?"

நான் பிரசன்னாவைப் பார்த்தேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொட்டு இருக்கட்டும்" என்றான். அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். நான் கேமராவை அணைத்துவிட்டுத்தான் நின்றேன். எனக்கு வேலை பழக்கிய ஸ்டூடியோக்காரர் ஒருவர் சொல்வார்: யார் முகமோ அவர் சம்மதம் கேள், காசு கொடுப்பவர் சம்மதம் அப்புறம். அதன்படி கேட்டேன். "எடுக்கலாமாம்மா? உங்களுக்குப் புடிக்கலன்னா நான் இப்டியே கெளம்பிடுவேன்."

"நீ கெளம்பிட்டா இவன் இன்னொருத்தர இட்டுக்கினு வருவான். எடு தாயி."

எடுத்தேன். சம்மதம் கேட்டுவிட்டால் நம் கை சுத்தம் என்று அந்த ஸ்டூடியோக்காரர் சொல்லிக்கொடுத்ததில் ஒரு ஓட்டை இருக்கிறது. இல்லை என்று சொல்ல முடியாதவரிடம் போய்ச் சம்மதம் கேட்பது கேள்வியே இல்லை. அவர் ஆமாம் என்பார். அந்த ஆமாமை வாங்கிக்கொண்டு நாம் நிம்மதியாக வேலையைப் பார்ப்போம். உங்களிடம் இப்போது ஆளுக்கொரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்களாம். வாங்குங்கள். ஆனால் கையெழுத்து போடுகிறவர் போடாவிட்டால் அவருக்கு என்ன போகும் என்பதை ஒரு தடவை பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

அணைந்த அடுப்பைத் திரும்ப மூட்டச் சொன்னார்கள். புகை வேண்டுமாம். கன்னியம்மா ஈர விறகாகப் பார்த்து வைத்து ஊதினாள். கண்ணில் நீர் வந்தது, புகையால்தான். பிரசன்னா "சூப்பர், சூப்பர்" என்றான். "எனுக்கு நடிக்க வருது பாருங்கடி. இனிமே நடவுக்குக் கூப்பிடாதீங்க" என்று அவள் மற்ற பெண்களிடம் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். சீருடையைக் கழற்றிய பிள்ளைகள் டவுசரோடு மண்ணில் உட்கார்ந்திருந்தன. சுமதி மட்டும் புங்கமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வீடியோவில் அவள் எங்கும் இல்லை.

படத்தை வெட்டி ஒட்டிக் குரல் சேர்க்கிற மிக்ஸிங்குக்கு எல்லாரும் கடைக்கு வந்தார்கள். ரேவதி எழுதிவைத்ததைப் படித்தாள். கன்னியம்மா அடுப்பூதும் இடத்தில் இப்படி வந்தது: "கல்வியின் அருமை அறியாத இம்மக்கள், தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில் ஆர்வம் காட்டுவதில்லை."

நான் கம்ப்யூட்டரை நிறுத்தினேன். "இது இவ அம்மாப்பா."

"நாங்க பொதுவாத்தானே அக்கா சொல்றோம்? அவங்கன்னு சொல்லலியே."

"முகம் அவங்களதுதானே தெரியுது? கையெழுத்து போட கத்துக்கினேன்னு சொன்னத போடு. அதுவும் எங்கிட்ட கீது."

"மேடம் பாத்து ஓகே பண்ண ஸ்கிரிப்ட்டுக்கா. மாத்த முடியாது."

சுமதி பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "வுடுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். கடைசியில் டைட்டில் ஓடவிட்டோம். பிரசன்னா சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், ஐந்தாவதாகச் சுமதியின் பெயரும் இருந்தது. அவள் எழுந்து திரைக்குக் கிட்டே வந்து அந்தப் பெயரைப் படித்தாள். எனக்கு அப்போது, சரி, இதோடு முடிந்தது, அந்தப் பெண்ணுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது.

வகுப்பில் போட்டுக்காட்ட என் கடை டிவியையே வாடகைக்குக் கேட்டார்கள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். பெரிய வகுப்பு. மேடம் இளவயது, பருத்திப் புடவை, எல்லாரையும் "வாங்க, போங்க" என்று பேசுகிறவர். எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். வீடியோ ஓடியது. அடுப்பூதும் இடத்தில் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் கைதட்டல்.

"ரொம்ப உண்மையா எடுத்திருக்கீங்க" என்றார் மேடம். "இதுதான் களத்துக்குப் போறதுன்னு சொல்றது. இப்போ ஒவ்வொருத்தரா சொல்லுங்க, இந்த மக்கள்கிட்ட என்ன கத்துக்கிட்டீங்க?"

பிரசன்னா நன்றாகப் பேசினான். ரேவதி அதைவிட நன்றாக. மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு நாலு வரி சொன்னார்கள். கடைசியாகச் சுமதி எழுந்தாள்.

"சொல்லுங்க சுமதி. அந்த அம்மாவைப் பார்த்தப்ப என்ன தோணுச்சு?"

"அந்தம்மாகிட்ட ஒரு நல்ல பொடவ கீது மேடம்" என்றாள். வீட்டுப் பேச்சிலேயே வந்துவிட்டது. "கிளிப்பச்சைப் பொடவ. அத கட்டிக்கினு, பூ வெச்சிக்கினுதான் இருந்தாங்க. நாங்கதான் போய் அவுத்துட்டு வரச் சொன்னோம். பசங்களுக்கும் யூனிபார்ம கழட்டினோம். அவங்களுக்குப் படிப்போட அரும தெரியாதுன்னு வருது. அவங்கதான் என்னப் படிக்க வெக்கிறாங்க மேடம். அது எங்கம்மா."

மேடம் பிரசன்னாவைப் பார்த்தார். "அப்ப இது பொய்யா?"

"இல்ல மேடம்." அவன் தடுமாறவே இல்லை. "வேலைக்குப் போறப்ப அவங்க தெனமும் கட்ற பொடவதான் அது. நல்ல பொடவ எப்பவோ ஒரு நாளைக்கு. எது மேடம் உண்ம?"

மேடத்தின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். கேமராக்காரி கண்ணுக்கு அது தப்பாது. அழுத கண்ணீர் வீணாகவில்லை என்ற நிம்மதி. நான் எழுந்து, "அந்தம்மா பேசினது எங்கிட்ட கீதும்மா, போட்டுக் காட்டட்டுமா?" என்றேன். "அது உங்க வேலை இல்லைங்க, உட்காருங்க" என்றார், மரியாதையாகத்தான்.

பிறகு சுமதியிடம் திரும்பினார். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா இதை முதல்லயே உங்க குழுவுக்குள்ள பேசியிருக்கணும். கூட வேலை செஞ்சவங்களை எல்லார் முன்னாடியும் இப்படிக் குறை சொல்றது நல்ல பழக்கம் இல்லை. நாளைக்கு ஆசிரியையா வேலை செய்யப்போறவங்க நீங்க. இதுல ஒத்துழைப்புக்கும் மார்க் இருக்கு. உங்க மார்க்கை நிறுத்தி வைக்கிறேன். நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க, பேசிக்கலாம்."

மற்ற நாலு பேருக்கும் முழு மதிப்பெண்.

திரும்பும்போது சுமதியை என் ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டேன். டிவி ஆடாமல் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "நல்லா பேசினம்மா" என்று சொன்னேன். அவள், "எங்கம்மா ஏசும்க்கா" என்றாள். நான் நம்பவில்லை. எந்த அம்மா ஏசுவாள், மகள் தனக்காகப் பேசியதற்கு? அப்படி நினைத்துக்கொண்டேன். அதுவும் கேமரா பிடித்துப் பிடித்து வந்த புத்திதான். கல்யாண வீட்டில் அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுவதை எடுத்து எடுத்து, எல்லா இடத்திலும் அது நடக்கும் என்று எதிர்பார்ப்பது.

கன்னியம்மா அப்போதுதான் நடவிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அதே வெளுத்த புடவை, அதே சட்டை, முழங்கால்வரை சேறு. சுமதி நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது.

"ஏன்டீ சொன்ன?"

"எப்டிம்மா சொல்லாம இருக்கறது? உனுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு அத்தன பேரு எதிர்ல..."

"சொல்லட்டுமே! எனுக்குத் தெரியாதா எனுக்கு இன்னா தெரியும்னு? அவன் சொன்னா எம்மேல ஒட்டிக்குமா?" சொம்பைத் தரையில் ணங்கென்று வைத்தாள். "நான் எதுக்குடி அவுத்தேன்? அத்தன பேரு எதிர்ல, ஊட்டுக்கு வந்தவங்க எதிர்ல பூவ புட்டுப் போட்டுட்டு வந்து நின்னனே, எதுக்கு? உம் பேரு வரணும்னுதானே. அந்தப் பேரு வந்துட்டப்புறம் வாய வெச்சிக்கினு சும்மா இருக்க முடியல உனுக்கு? ஒரு பொடவைக்கு ஒரு வருசத்த வுட்டுட்டு வந்து நிக்கிறியே!"

சுமதி அழ ஆரம்பித்தாள். கன்னியம்மா அவளைத் தேற்றவில்லை. என் பக்கம் திரும்பினாள். "நீ அங்கதானே இருந்த தாயி? இவ வாய நீயாவது அடச்சிருக்கக் கூடாதா?"

"அவ சொன்னது ஞாயம்தானேம்மா" என்றேன்.

"ஞாயம்" என்றாள். அந்தச் சொல்லை நான் ஏதோ தெரியாத ஊர்ப் பெயரைச் சொன்னதுபோல் திருப்பிச் சொன்னாள். பிறகு குனிந்து சொம்பை எடுத்து, மிச்சமிருந்த சேற்றைக் கழுவி முடித்தாள். வேலை ஆளுக்கு அழுவதற்கும் ஏசுவதற்கும் நேரம் கொஞ்சம்தான். அடுத்து என்ன செய்வது என்பதற்கு உடனே வந்துவிட்டாள்.

"நாளைக்கு வேலைய வுட்டுட்டு வரேன். மேடம் கால்ல வோணும்னாலும் வுழறேன். நீ வெவரம் தெரிஞ்சவ. பாக்கறவங்களுக்கு எது புடிக்கும்னு உனுக்குத் தெரியும். எந்தப் பொடவைய கட்டிக்கினு வரட்டும்?"

தம்பி தங்கைகளே, கேமரா இல்லாமல் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. சுமதி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மேடம் எதைக் கண்டால் இளகுவார் என்பதும் எனக்குத் தெரியும். பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு இவள் போய் நின்றால், மகள் சொன்னது மெய் என்று ஆகும். மேடத்தின் கண்ணீர் பொய் என்று ஆகும். அதற்கு மார்க் வராது.

"இதையே கட்டிக்கினு வாங்கம்மா" என்றேன்.

"சட்டையும் போட்டுக்கினா?"

"சட்டையும்தான்."

கன்னியம்மா தலையாட்டினாள். சுமதி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வரவில்லை.

மறுநாள் அம்மாவும் மகளும் போனார்கள். மேடம் கன்னியம்மாவை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாராம், தண்ணீர் கொடுத்தாராம். மார்க் வந்தது.